உடன் வந்தவர்: பெண் ஒருவர்

ஜெருசலேம்
2 ஜனவரி 1997

அன்புத் தம்பி ஜௌதத்துக்கு அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மானில் உன் வீட்டுக்கு ஏறும் எண்பத்து நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறாதே என்று எத்தனை தடவை சொல்வது? நடுவில் நின்றால் யாரும் உன்னைக் கிழவன் என்று சொல்லிவிட மாட்டார்கள். சொன்னாலும் பொய்யில்லை.

நான் நலம். இந்த வருடம் மழை தாராளம். சரிவெல்லாம் குப்பைஸாக் கீரை மண்டிக் கிடக்கிறது. தைக்கக் கையில் இரண்டு கல்யாண உடுப்பு இருக்கிறது. கண்தான் ஊசியில் நூல் கோக்க மாட்டேன் என்கிறது.

உன் கடிதம் வந்தது. உறைமேல் வழக்கம்போல ‘மறைந்த ஆசிரியர் கலீல் அவர்களின் வீட்டாருக்கு’. தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டு, “உயிரோட இருக்கிறவங்களைவிட உங்க வீட்டுக்காரருக்குத்தாம்மா தபால் நிறைய வருது” என்றார். அவர் போனபிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்ன விஷயம். உன் வீட்டுக்காரி, நம் நுஹாவை, இங்கே அடக்க எல்லைப் பாலத்துக்குக் கொண்டுவந்த அன்று, உன் கரை மேசையில் உன்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களே, அதன் நகல் இருக்கிறதா? ஒரு வேலையாக உள்துறை அலுவலகம் போயிருந்தேன். அங்கே இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, “நீங்க ஊர்லயே இல்லையேம்மா” என்றான். “அப்போ உன் முன்னாடி உட்கார்ந்திருக்கிறது யாரு?” என்றேன். எண்பத்தொன்பது ஜனவரியில் பாலம் வழியாக வெளியே போனது பதிவாகியிருக்கிறதாம். திரும்பி வந்தது பதிவாகவில்லையாம். அவன் கணக்கில் எட்டு வருடமாக நான் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடையாள அட்டையைச் சரிபார்க்க வாங்கி வைத்திருக்கிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. தாள் கிடைத்தால் அனுப்பு. ரமளான் வருகிறது, உப்பைக் குறைத்துக்கொள்.

உன் அக்கா


அம்மான்
5 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் நலம். உன் கண்ணை நல்ல மருத்துவரிடம் காட்டு.

நோன்பு முடியப் போகிறது. இங்கே ஒரே குளிர். அடுப்புக்கு எரிவாயு உருளையை ஏற்றி வரும் ஆள் என் வாசலுக்கு மட்டும் கூடுதலாகக் கேட்கிறான், படிக்குப் படி கூலி வேண்டுமாம். பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடக்கிறது. நாற்பது பையன்களில் இரண்டு பேருக்குப் புரிகிறது. அந்த இரண்டு பேரும் நேற்று வரவில்லை.

நோன்பு திறக்க பக்கத்து வீட்டிலிருந்து பருப்புக் கஞ்சி வருகிறது. நுஹா வைப்பது போல இல்லை. குறை சொல்லாமல் குடிக்கிறேன்.

நீ கேட்ட தாளைத் தேடுகிறேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

பெருநாள் வாழ்த்து. உன் துஆவில் என்னை மறந்துவிடாதே.

தம்பி ஜௌதத்


ஜெருசலேம்
27 பிப்ரவரி 1997

தம்பிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? யாராவது வந்தார்களா? நான் பேரீச்சம்பழ மஅமூல் பலகாரம் சுட்டேன். யாருக்காகச் சுடுகிறேன் என்று யோசிக்காமல் இரண்டு தட்டு சுட்டுவிட்டேன்.

நீ தேடுகிறேன் என்று எழுதி மூன்று வாரம் ஆகிறது. நான் போன தடவை பட்டும்படாமல் எழுதிவிட்டேன். இப்போது உள்ளபடி எழுதுகிறேன், பதறாதே. வக்கீல் ஒருவரை வைத்திருக்கிறேன், இஸ்கந்தர் என்று பெயர். ஒல்லியான பிள்ளை, காப்பியிலேயே உயிர் வாழ்கிறது. இவ்வளவு வருடம் வெளியே இருந்தவருக்கு இங்கே வசிக்கும் உரிமை போய்விடுமாம். எண்பத்தொன்பது மார்ச்சில் பாலம் வழியாகத் திரும்பி வந்தேன் என்று ஜூன் முப்பதுக்குள் நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அட்டை திரும்பி வராது. அட்டை இல்லாவிட்டால் இந்த வீட்டில், இந்த ஊரில் நான் இருக்க முடியாது.

“நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு உங்க பேர்ல ஒரு தாளாவது காட்டுங்க” என்று இஸ்கந்தர் கேட்டான். தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். மின்சாரம் கலீல் பெயரில். தண்ணீர் கலீல் பெயரில். வீட்டுவரி கலீல் பெயரில். வந்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் ‘கலீலின் குடும்பத்தாருக்கு’. துணி தைக்கக் கொடுப்பவர்கள் ரசீதா கேட்கிறார்கள்? அந்த மனுஷர் இறந்து பதினைந்து வருடம். அவருக்கு இந்த ஊரில் இருக்க எல்லா அத்தாட்சியும் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டார் சாட்சி சொல்லத் தயார். அது மட்டும் போதாதாம். எப்படி உள்ளே வந்தேன் என்பதுதான் கேள்வி. அந்த எழுபது நாளும் நுஹாவின் கட்டிலருகே இருந்துவிட்டு அவளோடேயே திரும்பினேன் என்பதை உன்னைவிட யார் அறிவார்கள்?

கொஞ்சம் சிரத்தையாகத் தேடு, கண்ணு.

உன் அக்கா


ஜெருசலேம்
7 ஏப்ரல் 1997

தம்பிக்கு ஸலாம்.

உடம்புக்கு ஏதாவதா? பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து மூன்று நாள் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்குக் கூப்பிட்டேன். வகுப்பில் இருக்கிறாய், நலமாக இருக்கிறாய் என்றார்கள். நலமாக இருப்பவன் எழுதலாமே.

தாள் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது. நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். சரி, படுவேன், ஆனால் ஒரு நாளைக்குமேல் இருக்காது. எனக்கு உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


அம்மான்
24 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு, ஹஜ்ஜுப் பெருநாள் ஸலாம். நான் உடம்பால் நலம். நீ என்னை மன்னிக்க வேண்டும்.

தேடுகிறேன் என்று எழுதியது பொய். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று உன் முதல் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்குத் தெரியும். அலமாரியின் மேல்தட்டில் நுஹாவின் நீலப் பை இருக்கிறது. பாலத்திலிருந்து தனியாகத் திரும்பி வந்த அன்று தாளை அதற்குள் போட்டு மேலே வைத்தேன். எட்டு வருடமாக நான் அதைத் தொடவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோதுகூட அந்தத் தட்டை விட்டுவிட்டு அடிக்கச் சொன்னேன்.

இரண்டு மாதமாக தினமும் நாற்காலி போட்டு ஏறுவேன், இறங்கிவிடுவேன். பெருநாள் மூன்றாம் நாள் எடுத்தேன். மேலாக அவளுடைய படுக்கை உடை இருந்தது. அவள் மெலிய மெலிய நீ பக்கத்தில் பிடித்துக் குறுக்கிக்கொண்டே வந்தாயே, அது. கடைசியாகக் குறுக்க நீ செருகிய குண்டூசிகள் அப்படியே இருந்தன. விரலில் குத்திக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தான். ஆனால் அழுது முடித்தபின் எழுந்து தேநீர் போட்டுக் குடித்தேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

தாள் கிடைத்தது. தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. 14 மார்ச் 1989. ‘சடலம் ஒன்று’ என்று எழுதி நுஹாவின் பெயரும் அவள் தகப்பன் பெயரும். அதன் கீழே, ‘உடன் வந்தவர்: பெண் ஒருவர்’. அவ்வளவுதான். உன் பெயர் இல்லை.

அந்தக் குற்றம் என்னுடையது. இதையும் முதல் நாளிலிருந்தே அறிவேன், அதனால்தான் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. நீ வண்டிக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் மேசை முன்னால் நின்றேன். சுற்றிலும் முப்பது ஆண்கள், ஓட்டுநர்களும் சுமைக்காரர்களும்.

“ஜனாஸா கூட யாரு போறது?” என்றார் எழுத்தர்.

“என் வீட்டுப் பெண்” என்றேன்.

“பேரு?”

“என் அக்கா.”

“அக்கா சரிப்பா, பேரு சொல்லு.”

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பெண் ஒருவர்னு எழுதிக்கோங்க” என்றேன். அவரும் நம்மைப் போன்ற மனிதர்தானே. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே எழுதினார். உன் பெயரை அத்தனை பேர் காதில் விழாமல் காப்பாற்றினேன் என்று அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதற்குத்தான் இன்றைக்கு உன் வீடு போகப் பார்க்கிறது.

தாளை இத்துடன் அனுப்புகிறேன். இது எதற்கு உதவும் என்று தெரியவில்லை.

ஜௌதத்


ஜெருசலேம்
6 மே 1997

என் கண்ணான தம்பிக்கு ஸலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன். ஒன்பது வயதில் நம் அம்மாவின் பெயரைத் தெரிந்துகொண்டு தெருவில் கத்தினான் என்று ரொட்டிக்கடைக்காரன் மகனின் பல்லை உடைத்தவன் நீ. உதடு கிழிந்து வந்தாய். அப்பா அடிக்கக் கையை ஓங்கினார், காரணத்தைக் கேட்டதும் காசு கொடுத்து ஹல்வா வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த ஹல்வாவில் எனக்குக் கொஞ்சம்கூடத் தரவில்லை நீ. அப்படிப்பட்டவன் பாலத்தில் என் பெயரைச் சொல்லியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

குற்றம் உன்னுடையது மட்டுமல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவளை வேறு வண்டிக்கு மாற்றியபோது ஒரு பெண் சிப்பாய் வந்து, “உட்காருங்க, உங்களுக்கு நுழைவுச் சீட்டு எழுதணும்” என்றாள். மணி ஒன்றரை. அஸர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும், கபர் வெட்டிக் காத்திருக்கிறார்கள். “நான் உட்கார்ந்தா அவ காத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி நானே கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணும் என்னை இறக்கவில்லை. நீ பெயரை விட்டாய், நான் சீட்டை விட்டேன். இரண்டு பேரும் அவளுக்காகத்தான் அவசரப்பட்டோம்.

இப்போது நல்ல செய்தி. பாலத்தின் பழைய பதிவைக் கேட்டு இஸ்கந்தர் எழுதியிருந்தான். பதில் வந்துவிட்டது. அதே நாளில் ‘சடலம் ஒன்று, உடன் பெண் ஒருவர்’ என்று இங்கேயும் இருக்கிறது. இரண்டு கரையும் ஒன்றையே சொல்கின்றன. அந்தப் பெண் யார் என்று மட்டும் யாராவது சொல்ல வேண்டும். உன் சத்திய வாக்குமூலம் ஒன்று, உறவில்லாத சாட்சி ஒருவருடையது இன்னொன்று. அங்கே ஜனாஸா வண்டி ஓட்டிவந்த ஆளைத் தேடிப் பிடி. பெரிய மீசை. நான் அவரிடம் நல்லபடியாகப் பேசவில்லை என்று ஞாபகம்.

வாக்குமூலத்தில் என் முழுப்பெயரும் அப்பா பெயரும் இருக்க வேண்டும். ஆண்கள் நிறைந்த அறையில் என் பெயரைச் சொல்லப்போகிறாய். தண்ணீர் குடித்துவிட்டுப் போ.

அந்தப் படுக்கை உடையைத் துவைக்காதே. குண்டூசியை மட்டும் எடுத்துவிடு.

உன் அக்கா


அம்மான்
29 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நலம், உன் நலம் அறிய ஆவல்.

மீசைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் நிம்ர். ஓய்வுபெற்று மொட்டைமாடியில் புறா வளர்க்கிறார். மருத்துவமனையில் விசாரித்து விசாரித்து நாலு பேருந்து மாறிப் போனேன். எட்டு வருடத்துக்கு முன் பாலத்துக்கு ஒரு ஜனாஸா என்று தொடங்கினேன். ஆயிரம் ஜனாஸா ஓட்டியவர், என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். நான் முடிப்பதற்குள், “கூட ஒரு அம்மா இருந்தாங்களே, என்னைத் திட்டினவங்க” என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் சக்கரம் ஒரு குழியில் விழுந்து வண்டி தூக்கிப் போட்டதாம். நீ நடுக் கண்ணாடியைத் தட்டி, “பார்த்துப் போப்பா, அவளுக்கு வலிக்கும்” என்றாயாம். “இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன் சார். உள்ள இருக்கிறவங்களுக்கு வலிக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அதுக்கப்புறம் வேலையை விடுற வரைக்கும் அந்தப் பாதையில நான் வேகமாப் போகவே இல்ல” என்றார்.

நான் அன்று முன்னால் ஓட்டுநர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது காதில் விழவே இல்லை அக்கா. புறாக்களுக்கு நடுவே நின்று மறுபடி அழுதேன். அந்த மனிதர் என் கையில் ஒரு பிடி சோளம் கொடுத்தார், புறாக்களுக்குப் போடு என்று.

இரண்டு பேரும் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனோம். பதிவாளர் கேட்டபோது உன் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை எடுத்து அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். என் காது சுட்டது. நிம்ர் என் தோளைத் தட்டி, “நல்ல பேரு” என்றார். முத்திரையிட்ட இரண்டு வாக்குமூலமும் தெரிந்த ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் கையில் வருகின்றன.

தம்பி


ஜெருசலேம்
26 ஜூன் 1997

தம்பிக்கு ஸலாம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அட்டை கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். இதை எழுதும்போது அது மேசையில்தான் இருக்கிறது, நாலு வரிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை கண்ணாடி போட்ட ஒரு பெரிய அதிகாரி அம்மா விசாரித்தார். இரண்டு கரையின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் வாக்குமூலத்தைப் படித்தார். நிம்ருடையதைப் படிக்கும்போது நடுவில் நிறுத்தி, “வலிக்கும்னு சொன்னது நீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் இஸ்கந்தர் அட்டையோடு வாசலில் நின்றான். மூன்று காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மறுநாளே மின்சார அலுவலகத்துக்குப் போய் இணைப்பை என் பெயருக்கு மாற்றச் சொன்னேன். கலீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீ எழுதித்தான் தள்ளினாயாமே! நான் உன் வாய் திறக்கும் என்று நினைத்தேன். கடிதத்தில்கூட என் பெயரை நீ எழுதவில்லை பார்.

உன் அக்கா


அம்மான்
17 ஜூலை 1997

அக்காவுக்கு ஸலாம். அட்டை கிடைத்த செய்தி படித்து இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன். அது இருக்கட்டும். உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

வக்கீல் இஸ்கந்தர் என் தாளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு மரியாதைக் கடிதம். அதன் தலையில் வழக்கின் பொருள் எழுதியிருந்தது: ‘சகோதரர் ஜௌதத் யூனுஸ் வந்து தங்குவதற்கான விண்ணப்பம், நவம்பர் 1996, தொடர்பாக.’

அட்டையைப் புதுப்பிக்கப் போனாய் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? ‘ஒரு வேலையாகப் போனேன்’ என்றாய். என்னை வரவழைக்கப் போயிருக்கிறாய். அதற்காகத்தான் அந்தப் பையன் கணினியைத் திறந்தான். நீ சும்மா இருந்திருந்தால் யாரும் உன்னைத் தேடியிருக்க மாட்டார்கள். ஆறு மாதம் வீடு கையில் இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் இருந்திருக்கிறாய், அதுவும் என்னால். நான் பதில்கூடப் போடாமல் நாற்காலியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? அறுபத்தேழில் படிக்க வந்தவன் போர் மூண்டதும் இங்கேயே மாட்டிக்கொண்டான், போர் முடிந்து அங்கே எடுத்த தலையெண்ணிக்கையில் அவன் இல்லை, அது முடிந்த கதை. நான் அதற்குப் பழகிவிட்டேன். நீ எனக்காக இப்படிச் செய்திருக்கக் கூடாது.

கோபமாக இருக்கிறேன். மாத்திரை வேளைக்குச் சாப்பிடு.

ஜௌதத்


ஜெருசலேம்
4 செப்டம்பர் 1997

என் கோபக்காரத் தம்பிக்கு ஸலாம். கோபம் ஆறட்டும் என்றுதான் தாமதமாக எழுதுகிறேன். வேறொரு காரணமும் உண்டு, உறையை உதறிப் பார்.

ஆமாம், உனக்காகத்தான் போனேன். சொல்லியிருந்தால் ‘விட்டுவிடு அக்கா’ என்று எழுதியிருப்பாய். நீ பழகிவிட்டாயாம்! ஒவ்வொரு மார்ச்சிலும் கபரில் என்ன செடி வைத்தேன், கல்லில் எழுத்து தெரிகிறதா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மூன்று பக்கம் கேட்டு எழுதுகிறவன் பழகியவனா? ஒவ்வொரு வருடமும் பதில் எழுதும்போது இதைப் பார்க்க வேண்டியவன் நான் இல்லையே என்று நினைப்பேன். அன்று பாலத்தின் அந்தக் கரையிலேயே நின்றவன் இங்கே வந்து ஒரு ஃபாத்திஹா ஓத வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வீடு போய்விடுமோ என்று பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனதற்காக வருத்தப்படவில்லை.

உதறினாயா? அதுதான் அனுமதி. முப்பது நாள். அட்டை வந்த மறுவாரமே இஸ்கந்தர் பழைய விண்ணப்பத்தைத் தூசி தட்டிக் கொடுத்தான்.

அக்டோபர் முதல் வாரம் வா, வெயில் தணிந்திருக்கும். சாப்பிடும் சாமான் சுமந்து வராதே, எல்லாவற்றையும் கிளறுவார்கள். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்பார்கள். குடும்பத்தை என்று சொல்லி நிற்காதே. உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்னால் இன்னொரு தடவை வக்கீலுக்குக் காப்பி போட முடியாது.

நீலப் பையைக் கொண்டு வா.

உன் அக்கா


அம்மான்
12 நவம்பர் 1997

அன்புள்ள அக்காவுக்கு, உன் மீது ஸலாம் உண்டாகட்டும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எண்பத்து நாலு படியையும் மூன்று தடவை நின்று ஏறினேன், உன் சொல்லைக் கேட்டு. நீ கட்டிக்கொடுத்த எள்ளு ரொட்டி பாலத்திலேயே பாதி தீர்ந்துவிட்டது.

முப்பது நாள் உன் எதிரில் உட்கார்ந்து பேசியும் ஒன்றைச் சொல்லவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

உன்னிடம் வந்த அன்று பாலத்தில் வரிசை நீளம். எனக்கு முன்னும் பின்னும் ஆண்கள், குறைந்தது ஐம்பது பேர். என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளைஞன். “யாரைப் பார்க்கப் போறீங்க?”

“என் அக்காவை.”

“பேரு?”

அதே கேள்வி. கையில் பேனாவும் தாளும் இருந்தன. எழுதித் தள்ளியிருக்கலாம். நீலப் பை என் தோளில் இருந்தது. “பஹிய்யா” என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. “சத்தமாச் சொல்லுங்க.”

“பஹிய்யா. யூனுஸ் மகள் பஹிய்யா” என்றேன். கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். பள்ளியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அல்லவா? யாரும் திரும்பிப் பார்க்கவில்லை அக்கா. பின்னால் நின்ற ஒரு பெரியவர் மட்டும், “கொடுத்து வச்சவங்க, தம்பி வர்றீங்க” என்றார். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

அந்தப் பையன் எழுதி முடித்ததும், எழுதியதை ஒரு தடவை காட்டச் சொன்னேன். விசித்திரமாகப் பார்த்தான், ஆனால் திருப்பிக் காட்டினான். அவன் மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. உன் பெயர் எது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினான். பாலத்தின் பதிவில் நீ இருக்கிறாய். எட்டு வருடம் தாமதம், என்னால்.

கபரில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தபோது நுஹாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டாயே, இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை உறைமேல் யார் பெயர் என்று நீ பார்த்திருப்பாய். தபால்காரர் என்ன சொன்னார் என்று எழுது.

உன் தம்பி
ஜௌதத்